சுண்ணாம்புச் சுழற்சியில் பிடிப்பு குறைந்தால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கால்சியம் சுழற்சி அமைப்பில், அதாவது சுண்ணாம்பைச் சுற்றவிட்டுப் புகையின் கரியமில வாயுவைப் பிடிப்பதும் சுட்டு அதை விடுவிப்பதுமாக ஓடும் அமைப்பில், எந்த மூலையில் கோளாறு வந்தாலும் கண்ட்ரோல் ரூம் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்: வெளியேறும் புகையில் கரியமில வாயு ஏறியிருக்கும். உடனே வரும் முடிவு, "கல் களைச்சுப் போச்சு, புதுக் கல் போடுங்க." பல நேரம் கல் மேல் ஒரு தப்பும் இருக்காது. பழியை மட்டும் அது சுமக்கும். இந்தக் குறிப்பு அந்தப் பழியைச் சரியான இடத்தில் இறக்கி வைப்பதற்காக.

அடிப்படையை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிராமைச் சுட்டால் 44 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு நிற்கும். அந்தச் சுட்ட சுண்ணாம்பை 650 டிகிரி செல்சியஸ் வாக்கில் புகைக்குள் விட்டால் வாயுவைத் திரும்பப் பிடித்துக் கார்பனேட் ஆகும். சுடும் கலன் கால்சைனர், பிடிக்கும் கலன் கார்பனேட்டர். துகள் இரண்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். பிடிக்கும்போது மோலுக்கு 178 கிலோஜூல் வெப்பம் விடும், சுடும்போது அதே வெப்பத்தைக் கேட்கும். புகையைச் சுத்தம் செய்பவர்களுக்கு அந்த வாயு முக்கியம், வெப்பத்தைச் சேமிப்பவர்களுக்கு அந்த 178 முக்கியம். கல் ஒன்றுதான், அது கெடும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

எதையும் தொடுவதற்கு முன்: இரண்டு சாம்பிள்

கால்சைனரிலிருந்து வெளியே வரும் துகளில் ஒரு சாம்பிள், கார்பனேட்டரிலிருந்து வெளியே வரும் துகளில் ஒரு சாம்பிள். முதலாவதை 'அ' என்றும் இரண்டாவதை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். சூடாக எடுத்த துகளைத் திறந்த தட்டில் ஆற விடக் கூடாது. மூடி இறுக்கமான எஃகு டப்பாவில் ஆற வைத்து, அப்படியே தராசுக்குக் கொண்டுபோங்கள். சுட்ட சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டால் நீங்கள் எடை போடுவது கரியமில வாயுவை அல்ல, தண்ணீரை.

10 கிராமை உலையில் முதலில் 550 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஈரத்தால் நீறிய பகுதி இருந்தால் அதன் தண்ணீர் இங்கே போய்விடும். 500 போதாதா என்று கேட்பார்கள். 500 டிகிரியில் காற்றிலுள்ள சொற்பக் கரியமில வாயுவையே சுண்ணாம்பு மெல்லப் பிடிக்க முடியும். 550ல் சமநிலை அழுத்தம் (பிடிப்பதும் விடுவதும் ஈடாகி நிற்கும் கரியமில வாயு அழுத்தம்) காற்றில் இருப்பதை விட மேலே போய்விடுவதால் அந்தக் குழப்பம் இல்லை. எடையைக் குறித்துக்கொண்டு 950 டிகிரிக்கு ஏற்றி, எடை நிலைக்கும் வரை வைத்து, மறுபடி எடை போடுங்கள். இந்த இரண்டாவது இழப்புதான் துகள் பிடித்து வைத்திருந்த கரியமில வாயு.

இழப்பை 44ஆல் வகுத்து, மிஞ்சிய எடையை 56ஆல் வகுத்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மாற்று விகிதம், அதாவது சுண்ணாம்பில் எத்தனை பங்கு கார்பனேட்டாக மாறியிருக்கிறது என்பது, கிடைக்கும். ஓர் உதாரணம்: ஆ சாம்பிள் 10 கிராமில் 0.80 கிராம் இழக்கிறது. 0.80/44 என்பது 0.0182 மோல், 9.20/56 என்பது 0.164 மோல், விகிதம் 0.11. அ சாம்பிள் 0.30 கிராம் இழக்கிறது, விகிதம் 0.04. ஒரு சுற்றில் சுண்ணாம்பு உண்மையில் சுமந்துபோவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 0.07. இந்த நிலையில் புகையில் வரும் வாயுவில் 90 சதவீதம் பிடிக்க வேண்டுமானால், உள்ளே வரும் ஒவ்வொரு மோல் வாயுவுக்கும் ஏறத்தாழ 13 மோல் சுட்ட சுண்ணாம்பு சுற்றி வந்தாக வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்குப் பதினாறு கிலோ. உங்கள் சுழற்சி வேகம் அதற்கு ஈடுகொடுக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மூன்றாவதாக ஓர் எண் வேண்டும். அ சாம்பிளிலேயே கொஞ்சம் எடுத்து, வெப்ப எடைப் பகுப்பாய்வுக் கருவியில் 650 டிகிரியில், உங்கள் புகையில் உள்ள அதே அளவு கரியமில வாயுவில் விட்டு, அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். இதைத் துகளின் 'கொள்ளளவு' என்போம். கொள்ளளவு 0.20 இருக்க, ஆ-வில் 0.11தான் என்றால் கல் நன்றாக இருக்கிறது, கார்பனேட்டர்தான் அதற்கு வேலை கொடுக்கவில்லை. கொள்ளளவே 0.11 என்றால் கல் தன்னால் முடிந்ததை முழுவதும் செய்துவிட்டது. கீழே வரும் எல்லா அறிகுறிக்கும் இந்த மூன்று எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

அறிகுறி: பிடிப்பு திடீரென விழுந்தது, மூன்று எண்ணும் மாறவில்லை அல்லது ஆ மட்டும் குறைந்தது

கார்பனேட்டர் வெப்பநிலையைப் பாருங்கள். இது வேதியியல் போட்ட வேலி, எந்தக் கல்லாலும் தாண்ட முடியாது. 650 டிகிரியில் சமநிலையில் மிஞ்சும் கரியமில வாயு சுமார் 1.2 சதவீதம். 700ல் 3.5 சதவீதம். 750ல் 9 சதவீதம். 15 சதவீதம் வாயு உள்ள புகையை எடுத்துக்கொண்டால், 650ல் அதிகபட்சம் 93 சதவீதம் வரை பிடிக்கலாம், 700ல் 80, 750ல் 43தான். இது காகிதத்தில் உள்ள உச்சவரம்பு, நடைமுறையில் இதற்கும் கீழேதான் நிற்கும்.

வினை வெப்பம் விடுவது என்பதால், பிடிப்பு நன்றாக நடக்கும்போதே கார்பனேட்டர் தானாகச் சூடேறும். போதாக்குறைக்குக் கால்சைனரிலிருந்து 900 டிகிரித் துகள் வந்து கொட்டுகிறது. குளிர்விக்கும் குழாய்களில் படிமம் படிந்தாலோ, பிடிப்பை உயர்த்துவதற்காக யாராவது சுழற்சியைக் கூட்டியிருந்தாலோ, வெப்பநிலை ஏறி பிடிப்பு இறங்கும். பிடிப்பைக் கூட்டச் செய்த காரியமே குறைப்பதாக முடியும். ஒரே ஒரு தெர்மோகப்பிளை நம்பாதீர்கள். துகள் வந்து விழும் இடத்துக்கு அருகில் இருப்பது வேறு கதை சொல்லும். வாயு கடைசியாகத் துகளை விட்டுப் பிரியும் மேல்பகுதி வெப்பநிலைதான் இங்கே கணக்கு.

அதிகமாகக் குளிர்வித்தாலும் ஆகாது. 600க்குக் கீழே சமநிலை தாராளமாக இருந்தாலும் வினை மந்தமாகிவிடும்.

வெப்பநிலை சரி, ஆனாலும் ஆ குறைவு என்றால், பெட்டில் (வாயு ஊதிக் கிளப்பும் துகள் படுக்கையில்) துகள் குறைந்திருக்கிறது அல்லது வாயு துகளைத் தொடாமல் குமிழியாகப் புகுந்து போகிறது. பெட்டின் அழுத்த வித்தியாசத்தைப் பழைய பதிவோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: நாள்பட நாள்படப் பிடிப்பு தேய்கிறது, கொள்ளளவும் சேர்ந்து தேய்கிறது

இதுதான் உண்மையான களைப்பு. 1973ல் பார்க்கர் இதை எழுதியதிலிருந்து இந்தத் துறையே இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. சுட்ட சுண்ணாம்புக்குள் நுண்ணிய துளைகள் உண்டு. வாயு அதன் சுவர்களில் கார்பனேட் படலமாகப் படியும். படலம் சுமார் 50 நானோமீட்டர் தடித்ததும் வேகமான பிடிப்பு நின்று, படலத்தை ஊடுருவிப் போகும் மெதுவான பிடிப்புதான் மிஞ்சும். அதனால் பிடிப்பின் அளவைத் தீர்மானிப்பது உள்பரப்பு. ஒவ்வொரு சுடுதலிலும் குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி அந்தப் பரப்பு சுருங்குகிறது.

எவ்வளவு தேய்வது இயல்பு என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. கிராசா, அபனாதெஸ் இருவரும் 2006ல் பல கற்களை 500 சுற்று வரை ஓட்டிப் பார்த்துக் கொடுத்த சூத்திரத்தின்படி, முதல் சுற்றில் 0.70, ஐந்தாவதில் 0.35, பத்தாவதில் 0.23, இருபதாவதில் 0.16, ஐம்பதாவதில் 0.11. அதன்பிறகு மெல்ல இறங்கி 0.075ல் நிற்கும். உங்கள் கொள்ளளவு இந்தக் கோட்டை ஒட்டி இருந்தால் அது நோய் அல்ல, வயது. கோட்டுக்கு வெகு கீழே என்றால் தனியாகக் காரணம் தேட வேண்டும்: கால்சைனர் மிதமிஞ்சிச் சூடா, துகள் அதில் தேவைக்கு மேல் தங்குகிறதா, கந்தகம் ஏறியதா.

வயதுக்கு மருந்து மூன்று. நேரானது, பழைய துகளைக் கொஞ்சம் வெளியேற்றிப் புதுக் கல்லைச் சேர்ப்பது. வெளியேற்றுவது வீணல்ல, சிமெண்ட் உலைக்கு அது நல்ல மூலப்பொருள். இரண்டாவது, கார்பனேட்டரை விட்டு வரும் துகளை ஓரிரு நிமிடம் கூடுதல் சூட்டில், செறிந்த கரியமில வாயுவில் வைப்பது. மெதுவான பிடிப்பு அங்கே வேகம் பெறும், சுற்றுக்குச் சுற்று இழப்பது ஈடாகி, கடைசியாக நிற்கும் அளவு மேலே வரும். மூன்றாவது, நீராவியால் நீற்றி மீண்டும் உலர்த்துவது. துளைகள் புதிதாகத் திறக்கும், கொள்ளளவு கண்கூடாக ஏறும், ஆனால் துகள் பொரபொரவென்று ஆகிவிடும். நீற்றிய துகள் பெட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பதை எடை போட்டுப் பார்க்காமல் மூன்றாவது வழிக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மெக்னீசியம் கலந்த கல்லான டோலமைட்டுக்கு மாறலாமா என்ற கேள்வியும் வரும். அதிலுள்ள மெக்னீசியம் ஆக்சைடு இந்த வெப்பநிலையில் எதையும் பிடிக்காது, ஆனால் குருணைகளுக்கு நடுவே தடுப்பாக நின்று ஒட்டுவதைத் தாமதிக்கும். முழுவதும் சுட்ட டோலமைட் கிலோவுக்கு அதிகபட்சம் 0.46 கிலோ வாயு பிடிக்கும், சுட்ட சுண்ணாம்புக்கு இது 0.79. முதல் சுற்றில் தோற்கும், பல சுற்றுக்குப் பிறகு முந்தவும் கூடும்.

அறிகுறி: அ சாம்பிளிலேயே கார்பனேட் அதிகம்

துகள் பாதி வெந்த நிலையில் திரும்பிப் போகிறது. ஆக்சிஜனில் எரிபொருளை எரிக்கும் கால்சைனரில் சுற்றிலும் கரியமில வாயுதான். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் சுத்தமான கரியமில வாயுவுக்குள் கார்பனேட் உடையத் தொடங்குவதே 900 டிகிரியை ஒட்டித்தான். அதனால் திரையில் 900 காட்டினால் போதும் என்று நினைப்பது தவறு, அங்கே உந்துவிசை ஏறக்குறைய இல்லை. 920ல் சமநிலை அழுத்தம் 1.3 வளிமண்டலம், 950ல் 1.9. இருபது முப்பது டிகிரியில் வேகம் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். ஆனால் அதே இருபது முப்பது டிகிரிதான் குருணைகளை ஒட்ட வைப்பதும். ஆகையால் சூட்டைக் கூட்டுவதற்கு முன், உள்ளே கொஞ்சம் நீராவி கலந்து கரியமில வாயுவின் பங்கைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பேன். 0.02, 0.03 அளவுக்கு அ-வில் மிஞ்சுவதைச் சகித்துக்கொள்வது, 970க்கு ஏற்றிக் கல்லைச் சாகடிப்பதை விட மேல்.

அறிகுறி: கொள்ளளவு கோட்டுக்குக் கீழே, எரிபொருளில் கந்தகம் உண்டு

கந்தக டை ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து சுண்ணாம்பைக் கால்சியம் சல்பேட் ஆக்கும். கால்சைனர் சூட்டில் சல்பேட் திரும்ப உடையாது. ஒரு மோல் கந்தகம் ஒரு மோல் சுண்ணாம்பை ஒரேயடியாக எடுத்துக்கொண்டு போகிறது. அதோடு விடாது: சுட்ட சுண்ணாம்பின் மோல் கன அளவு சுமார் 17 கன சென்டிமீட்டர், கார்பனேட்டுக்கு 37, சல்பேட்டுக்கு 46. துளையின் வாயிலேயே உப்பி அடைத்துக்கொள்வதால், உள்ளே நல்ல சுண்ணாம்பு இருந்தும் வாயு எட்டாது.

உலை இழப்புச் சோதனையில் சல்பேட் தெரியாது. சாம்பிளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, தெளிவான நீரில் சில சொட்டு பேரியம் குளோரைடு விடுங்கள். பால் போல் வெள்ளைப் படிவு இறங்கினால் சல்பேட் இருக்கிறது. அமிலம் விட்டதும் அழுகிய முட்டை வாடை வந்தால் கால்சைனருக்குள் ஆக்சிஜன் போதாமல் சல்பைடு உண்டாகியிருக்கிறது. அந்த வாடை வந்தால் காற்றோட்டம் இல்லாத அறையில் ஒரு நொடியும் நிற்காதீர்கள், அது நச்சு.

தீர்வு, கந்தகத்தை முன்னமே தனியாகப் பிடிப்பது அல்லது பழைய துகளை வெளியேற்றும் அளவைக் கூட்டுவது. ஏற்கெனவே சல்பேட் ஏறிய துகளை மீட்க நினைத்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி: பெட் அழுத்தம் மெல்ல இறங்குகிறது, பை ஃபில்டரில் தூள் குவிகிறது

துகள் உடைகிறது. எங்கே உடைகிறது என்பதை ஃபில்டர் தூளே சொல்லும். அதை உலையில் வைத்து இழப்பைப் பாருங்கள். 40 சதவீதத்துக்கு மேல் இழந்தால் அது இன்னும் சுடப்படாத புதுக் கல்: குளிர்ந்த கல் 900 டிகிரிக்குள் விழுந்த அதிர்ச்சியில் வெடித்திருக்கிறது. முன்சூடு கொடுங்கள், அல்லது வேறு சுரங்கத்துக் கல்லைப் பாருங்கள். இழப்பு குறைவாக இருந்தால் சுட்ட பிறகு உராய்வில் தேய்கிறது: சைக்ளோன் (வாயுவைச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் கலன்) நுழைவு வேகம், காற்று முனைகளின் வேகம் இரண்டையும் குறைக்கப் பாருங்கள். 100 முதல் 300 மைக்ரான் வரை உள்ள துகளுக்காக அமைத்த சைக்ளோன் அதற்கு வெகு கீழே உடைந்த நுண்தூளைத் தாங்கிப் பிடிக்காது.

அறிகுறி: லூப் சீல் அடைக்கிறது, உள்ளே கட்டி

லூப் சீல் என்பது இரண்டு கலன்களுக்கும் நடுவே துகளை மட்டும் விட்டு வாயுவைத் தடுக்கும் வளைகுழாய். கால்சைனரிலிருந்து இறங்கும் பக்கத்து லூப் சீலுக்குக் கரியமில வாயுவை ஊதுகிறீர்களா? அங்கே வெப்பநிலை 900க்குக் கீழே இறங்கியதும் சுட்ட சுண்ணாம்பு அதே வாயுவைப் பிடித்து, வெப்பம் விட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஊதும் வாயுவை மாற்றினாலே பெரும்பாலும் தீரும். கட்டியை உடைத்துப் பார்த்து அதில் சாம்பலின் கண்ணாடிப் பளபளப்பு தெரிந்தால் அது வேறு பிரச்சினை, எரிபொருள் சாம்பல் உருகுகிறது.

வெப்பச் சேமிப்பில் மட்டும் வரும் அறிகுறிகள்

டிஸ்சார்ஜ் (சேமித்த வெப்பத்தைத் திரும்ப எடுக்கும்) வெப்பநிலை 890 பக்கம் வந்து நின்றுவிடுகிறது, ஏற மறுக்கிறது: இது பழுதல்ல. சுத்தமான கரியமில வாயு, ஒரு வளிமண்டல அழுத்தம் என்றால் 900க்கு மேல் பிடிப்பே நடக்காது. அதற்கு மேல் வேண்டுமானால் அழுத்தத்தைத்தான் உயர்த்த வேண்டும்.

நேற்று வரை 890 வந்தது, இன்று 850ல் நிற்கிறது என்றால் அது பழுது. வாயுவில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. கரியமில வாயுவின் பங்கு பாதியானால் சமநிலை வெப்பநிலை 850 அருகே இறங்கிவிடும். கல்லை எடுத்துச் சோதிக்க ஓடுவதற்கு முன் குழாய் இணைப்பு ஃபிளாஞ்சுகளில் கசிவைத் தேடுங்கள்.

சேமிப்புக் கொள்ளளவு குறைவதை விகிதத்தில் மட்டும் பார்க்காமல் கிலோவுக்கு எத்தனை மெகாஜூல் என்று கணக்கிடுங்கள். முழு மாற்றத்தில் சுட்ட சுண்ணாம்பு கிலோவுக்கு 3.18 மெகாஜூல் தரும். விகிதம் 0.10 ஆனால் அது 0.32. சூரிய மின் நிலையங்களில் ஓடும் உருகிய நைட்ரேட் உப்பு, 290 முதல் 565 டிகிரி வரை சூடேறும்போது கிலோவுக்குச் சுமார் 0.41 மெகாஜூல் வைத்துக்கொள்கிறது. அதாவது 0.13க்குக் கீழே விழுந்த கல், வினை வெப்பத்தை மட்டும் பார்த்தால், சாதாரண உப்புத் தொட்டியிடம் தோற்கிறது. சுண்ணாம்பு வெப்பத்தை இன்னும் உயர்ந்த வெப்பநிலையில் திருப்பித் தருகிறது என்பது உண்மை. ஆனாலும் துகளை மாற்றும் நாளை நான் இந்த எண்ணை வைத்துத்தான் குறிப்பேன்.

சூரிய ஒளி நேராக விழும் ரிசீவரில் துகள் சூடேற மறுத்தால், அதன் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்ற பொடி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் சிறிதளவு சேர்த்துக் கருமையாக்குவது இதற்காகத்தான்.

சைலோவில் பொடி கட்டிக்கொண்டால், 10 கிராம் எடுத்து 550 வரை மட்டும் சூடாக்குங்கள். அங்கேயே எடை குறைந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. நீறும்போது மோலுக்கு 65 கிலோஜூல் வெப்பமும் வரும், ஆகவே சைலோ சுவர் ஓரிடத்தில் மட்டும் சூடாக இருந்தால் கசிவு அதற்குப் பக்கத்தில்தான். சுத்தம் செய்ய இறங்குபவர் கண்ணாடி இல்லாமல் இறங்கக் கூடாது. சுட்ட சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஈரத்தோடு சேர்ந்து அங்கேயே நீறும்.

அறிகுறி: ஆய்வகத்தில் அருமை, ஆலையில் மோசம்

ஆய்வகத்தில் நைட்ரஜனில் 850 டிகிரியில் சுட்டிருப்பார்கள். ஆலையில் கரியமில வாயுவுக்குள் 930ல் சுடுகிறோம். கரியமில வாயுவும் நீராவியும் குருணை ஒட்டுவதை விரைவுபடுத்தும். ஆய்வக எண்ணை அதே சூழலில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். நேர்மாறாக ஆய்வகத்தில் மோசம் என்றால் கிண்ணத்தில் எவ்வளவு போட்டார்கள் என்று கேளுங்கள். பல மில்லிகிராமைக் குவித்து வைத்தால் அடியில் உள்ள துகளுக்கு வாயு போய்ச் சேராது. சில மில்லிகிராம் மட்டும், ஒரே அடுக்காகப் பரப்பியிருக்க வேண்டும். வாயுவை மாற்றும்போது எடை காட்டி தானாகத் துள்ளும், வெறும் கிண்ணத்தை ஓட்டி அதைக் கழித்தாக வேண்டும்.

அறிகுறி: புதுக் கல் போட்ட பிறகு பிடிப்பு இன்னும் குறைகிறது

இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒரு பைலட் அமைப்பில் இரவு ஷிஃப்டில் பிடிப்பு மெல்ல இறங்கியது. வழக்கம் போல் "கல் களைச்சுப் போச்சு" என்று புதுக் கல்லின் அளவைக் கூட்டினேன். பிடிப்பு மேலும் இறங்கியது. இன்னும் கூட்டினேன். விடியும்போது முதல் நாள் இருந்ததில் பாதிகூட இல்லை.

நடந்தது இதுதான். புதுக் கல் ஒவ்வொரு கிலோவும் உடைவதற்கே 1.78 மெகாஜூல் கேட்கும். குளிர்ந்த கல்லை 900 வரை சூடேற்ற இன்னொரு மெகாஜூல் அளவுக்கு வேண்டும். எரிபொருளைக் கூட்டாமல் கல்லை மட்டும் கூட்டியதால் கால்சைனர் 915லிருந்து வழுக்கி 890க்கு வந்துவிட்டது. அங்கே எதுவும் சரியாக வேகவில்லை. வேகாத துகள் கார்பனேட்டருக்குப் போய் எதைப் பிடிக்கும்? காலையில் வந்த மூத்தவர் திரையைப் பார்க்கவே இல்லை. அ சாம்பிளைக் கேட்டார். எடுத்திருக்கவில்லை. எடுத்து உலையில் வைத்தபோது 10 கிராமில் ஒரு கிராமுக்கு மேல் இழந்தது.

புதுக் கல்லை முழுவதும் நிறுத்தினோம், எரிபொருளையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஏற்றினோம், கால்சைனர் 920ஐத் தொடும் வரை வேறு எதையும் தொடவில்லை. மதியத்துக்குள் அ-வின் இழப்பு 0.3 கிராமுக்கு வந்தது, பிடிப்பும் பழைய இடத்துக்கு வந்தது. முந்தைய மாலை பிடிப்பு ஏன் இறங்கத் தொடங்கியது என்பதும் அப்போதுதான் தெரிந்தது: கால்சைனருக்கு எரிபொருளைத் தள்ளும் திருகில் ஓர் அடைப்பு, ஊட்டம் குறைந்திருந்தது.